விக்டோரியா மகாராணியின் குட்டி நாய்

சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோவில் கொண்டிருக்கும் தலம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து வலம் சுற்றும் ஊர்.

அந்தச் சாலையோரத்திலும் சரி, தமிழ்நாட்டின் மற்ற ஊர்த் தெருக்களிலும் சரி, வாசல் கதவை அசைத்தால் சில வீடுகளில் முதலில் ஓடி வருவது வீட்டுக்காரர் அல்ல. ஒரு வெள்ளை நாய். உடம்பெல்லாம் புசுபுசு என்று முடி. நரி மூஞ்சி. நிமிர்ந்த காது. விசிறியைப் போல முதுகின் மேல் விழுந்து கிடக்கும் வால். உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத குரைப்பு.

அதற்குப் பெயர் ஜிம்மி என்று இருக்கும். அல்லது பப்பி. என்ன ஜாதி நாய் என்று கேட்டால், பொமரேனியன் என்று வீட்டுப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள்.

பொமரேனியா என்பது ஐரோப்பாவில் பால்டிக் கடலை ஒட்டிய பகுதி. இன்று அதில் பெரும் பகுதி போலந்து நாட்டிலும், மீதி ஜெர்மனியிலும் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கடலோரம் என்று பொருள். கடலோரத்து நாய்தான் பொமரேனியன்!

ஆனால் ஆதியில் அது குட்டி நாய் அல்ல. வீட்டைக் காவல் காத்த, பெரிய உருவம் கொண்ட நாய். அது சுருங்கிச் சுருங்கி மடியில் ஏறியதற்கு ஒரு பெண்மணி முக்கிய காரணம். அந்தப் பெண்மணி திருவிடந்தையையும் சேர்த்து ஆண்டவர். ஆனால் இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் பார்த்தது இல்லை.

அவர்தான் விக்டோரியா மகாராணி.

தனியாக வளர்ந்த சிறுமி

1819-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் விக்டோரியா பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் ஜெர்மனியைச் சேர்ந்த இளவரசி. அவர் மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். சிறை வைத்தார் என்றும் சொல்லலாம்.

மாடிப்படி இறங்க வேண்டுமானால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவில் தாயின் அறையிலேயே படுக்க வேண்டும். நினைத்தபோது ஓடி விளையாட மற்றக் குழந்தைகள் கிடையாது. அரண்மனையில் பிறந்த பெண்ணுக்கு, தெருவில் பாண்டி ஆடும் பெண்ணுக்குக் கிடைக்கும் சுகம் கிடைக்கவில்லை.

1833-ல் அந்த வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. பெயர் டாஷ். தாய்க்குப் பரிசாக வந்த நாய் அது. ஆனால் சில நாட்களிலேயே மகளின் நாய் ஆகிவிட்டது.

டாஷ் பொமரேனியன் அல்ல. கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற ஜாதி. அதுவும் மடியில் வைத்துக் கொஞ்சும் நாய்தான். நீளமாகத் தொங்கும் காது, பட்டுப்போன்ற முடி, பெரிய கண். பதின்மூன்று வயது விக்டோரியா அதற்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டு அழகு பார்த்தார். கிறிஸ்துமசுக்கு ரப்பர் பந்து பரிசு கொடுத்தார். பொம்மைக்குச் செய்வதை எல்லாம் நாய்க்குச் செய்தார்.

1837 ஜூன் 20-ந் தேதி பெரியப்பா வில்லியம் மன்னர் காலமானார். விக்டோரியா ராணி ஆனார். அப்போது அவருக்கு வயது 18.

மறு வருடம் ஜூன் 28-ந் தேதி முடிசூட்டு விழா. ஐந்து மணி நேரம் நடந்தது. கனத்த கிரீடம், கனத்த அங்கி, ஆயிரக்கணக்கான கண்கள். எல்லாம் முடிந்து அரண்மனைக்குத் திரும்பிய ராணி முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? டாஷைக் குளிப்பாட்டியதுதான்.

1840 பிப்ரவரியில் ஜெர்மனி இளவரசர் ஆல்பர்ட்டை ராணி மணந்தார். அந்த வருடக் கடைசியில் டாஷ் செத்துப்போயிற்று. விண்ட்சர் தோட்டத்தில் அதற்குச் சமாதி கட்டினார்கள்.

சீனத்தில் இருந்து வந்த லூட்டி

ராணிக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தன. நாய்களும் பெருகின. விண்ட்சர் அரண்மனையில் நாய்களுக்கென்று தனி விடுதியே கட்டப்பட்டது. வேட்டை நாய், ஆட்டு மந்தை நாய், குட்டை நாய் என்று பல ஜாதி. மிருகங்களை வதைப்பதைத் தடுக்கப் பாடுபட்ட சங்கத்துக்கு 1840-ல் தம் அரச பட்டத்தைச் சேர்த்துக்கொள்ள ராணி அனுமதி கொடுத்தார்.

1861-ல் ஒரு விசித்திரமான நாய் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீக்கிங் நகரத்துக் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடினார்கள். அங்கே அகப்பட்ட குட்டி நாய் ஒன்றை டன் என்ற படைத் தலைவர் கப்பலில் கொண்டுவந்து ராணிக்குக் கொடுத்தார். தட்டை மூக்கு, சிங்கப் பிடரி போன்ற முடி. பீக்கினீஸ் என்பது அந்த ஜாதியின் பெயர்.

அதற்கு லூட்டி என்று பெயர் வைத்தார்கள். தமிழில் லூட்டி என்றால் குறும்பு. ஆங்கிலத்தில் அதன் பொருள் வேறு. கொள்ளை என்று பொருள்படும் லூட் என்ற சொல், நம் நாட்டில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். கொள்ளையில் கிடைத்த நாய்க்கு அந்தப் பெயரையே கூசாமல் சூட்டிவிட்டார்கள்.

லூட்டி வந்த அந்த 1861-ம் ஆண்டுதான் ராணியின் வாழ்க்கையில் கொடிய ஆண்டு. மார்ச் மாதம் தாய் இறந்தார். டிசம்பர் 14-ந் தேதி கணவர் ஆல்பர்ட் இறந்தார். அவருக்கு வயது 42. ராணிக்கும் 42.

அன்று உடுத்திய கறுப்பு உடையை ராணி கடைசி வரை களையவில்லை. வெளியே வருவதையும் பல ஆண்டுகள் நிறுத்திக்கொண்டார்.

மகுடமும் பஞ்சமும்

1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்து, இந்தியா ராணியின் நேர் ஆட்சிக்குக் கீழே வந்தது. 1877 ஜனவரி 1-ந் தேதி டெல்லியில் மாபெரும் தர்பார் கூடியது. விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறை அறைவித்தார்கள்.

அதே நேரத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டு இருந்தார்கள். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அது. செங்கல்பட்டு ஜில்லாவும் தப்பவில்லை. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் நாடு முழுவதும் அரை கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டதாகக் கணக்கு.

பஞ்ச நிவாரணம் என்று மண்வெட்டும் வேலை கொடுத்தார்கள். 1877 தொடக்கத்தில், நாள் முழுவதும் வேலை செய்த ஓர் ஆணுக்குக் கிடைத்த கூலி 1 ராத்தல் தானியமும் சிறிது காசும். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. திருவிடந்தைக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இந்தப் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோ மீட்டர் பகுதி, 1877-78-ல் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே முழுக் கால்வாய்க்கும் நிலைத்துவிட்டது.

நாய்க்கு ஒரு முள் தைத்தாலும் துடித்த ராணி, இந்தக் கோடிக்கணக்கான குடிகளை நேரில் பார்த்தது இல்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த கறுப்பு உடைச் சக்கரவர்த்தினிக்கு இந்தியா ஒரு கிரீடம். நாய் மட்டும் பக்கத்தில் இருந்தது. இரண்டு செய்தியும் ஒரே மனுஷியைப் பற்றியவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் அது பாதிக் கதை.

இத்தாலியில் கண்ட அதிசயம்

1887-ல் ராணி பட்டத்துக்கு வந்த பொன் விழா நடந்தது. சென்னையிலும் அந்த ஆண்டு அவருக்குச் சிலை வைத்தார்கள். அது பல்கலைக்கழகத்தை ஒட்டிச் சேப்பாக்கத்தில் அமர்ந்த கோலத்தில் இருக்கிறது. அந்த வருடம்தான் ராணி மிகவும் நேசித்த நோபிள் என்ற ஆட்டு மந்தை நாயும் இறந்தது.

மறு வருடம், அதாவது 1888 வசந்த காலத்தில், ராணி இத்தாலிக்குப் போனார். பிளாரன்ஸ் நகரில் ஒரு மாளிகையில் தங்கினார். வயது 69 நெருங்கிக்கொண்டு இருந்தது. அங்கே சின்னஞ்சிறு பொமரேனியன் நாய்களைக் கண்டார். கண்டதும் மனதைப் பறிகொடுத்தார்.

பொமரேனியன் அவர் குடும்பத்துக்குப் புதிது அல்ல. அவருடைய பாட்டி சார்லட் ராணி 1767-லேயே ஜெர்மனியில் இருந்து இரண்டை வரவழைத்தார். ஒன்றின் பெயர் பீபி. மற்றொன்று மெர்க்குரி. அந்தக் காலத்து ஓவியர் கெயின்ஸ்பரோ தீட்டிய படங்களில் இந்த ஜாதி நாயைக் காணலாம். அது பெரிய நாய். எஜமானின் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். முகமும் இன்றையதைவிட நீளம்.

பேத்தி பிளாரன்சில் பார்த்தது அதே ஜாதியில் குட்டி உருவம். அதில் ஒன்றின் பெயர் மார்க்கோ. செம்பழுப்பு நிறம். எடை 12 ராத்தல்தான். அதாவது ஐந்தரைக் கிலோ. மார்க்கோவையும் வேறு சிலவற்றையும் ராணி தம்மோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்.

அதன்பிறகு மார்க்கோவுக்கு ராஜ போகம். ராணியின் காலை உணவு மேஜை மேலேயே ஏறி நிற்கும். அந்தக் காட்சியை 1893-ல் சார்லஸ் பர்ட்டன் பார்பர் என்ற ஓவியர் படமாகவே தீட்டினார். உலகத்தில் கால் பங்கை ஆண்டவரின் சாப்பாட்டு மேஜையில் காலை வைக்க மந்திரிகளுக்குத் தைரியம் இல்லை. அந்தக் குட்டி நாய்க்கு இருந்தது.

நாய் எப்படிச் சுருங்கியது?

ராணி சும்மா கொஞ்சியதோடு நிற்கவில்லை. விண்ட்சரில் பொமரேனியன்களை முறையாக இனம் பெருக்கினார். சிறிய ஆணையும் சிறிய பெண்ணையும் சேர்ப்பார்கள். பிறக்கும் குட்டிகளில் சிறியதை மீண்டும் பொறுக்குவார்கள். விதைநெல்லுக்கு நல்ல கதிரைப் பார்த்துத் தனியே எடுத்து வைக்கிறோமே, அதே முறைதான். சில தலைமுறைகளில் உருவம் குறைந்துவிடும்.

1891-ல் லண்டனில் கிரப்ட் என்பவர் பெரிய நாய்க் கண்காட்சி நடத்தினார். அதில் ராணி தம் பொமரேனியன் நாய்கள் ஆறை அனுப்பி வைத்தார். மகாராணியின் நாய்களே மேடை ஏறும்போது மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சீமான்களும் சீமாட்டிகளும் குட்டிப் பொமரேனியன் தேடி அலைந்தார்கள். முன்பு யாரும் அதிகம் சீண்டாத ஜாதி, லண்டனின் மோகம் ஆகிவிட்டது. ராணியின் வாழ்நாளிலேயே அதன் உருவம் பாதியாகக் குறைந்தது என்று சொல்வார்கள். கண்காட்சிகளில் பெரியது, சிறியது என்று எடை பார்த்துப் பிரித்தார்கள். போகப்போகப் பெரியதைக் கேட்க ஆள் இல்லை.

நிறமும் மாறியது. அதற்கு முன் இங்கிலாந்தில் வெள்ளையும் கறுப்புமே அதிகம். மார்க்கோ வந்தபிறகு செம்பழுப்புக்கு மதிப்பு ஏறியது. இன்று ஆரஞ்சு, பாலேடு, பழுப்பு, நீலச் சாம்பல், கறுப்பில் பழுப்புப் பொட்டு, வெள்ளையில் திட்டு என்று எத்தனையோ நிறங்கள் உண்டு.

இன்றைய அசல் பொமரேனியன் 2 கிலோ, 3 கிலோதான் இருக்கும். மார்க்கோவில் பாதி. ஒரு பச்சைக் குழந்தையின் எடை! உருண்டைத் தலை, குட்டையான மூக்கு, சின்ன முக்கோணக் காது. முடி இரண்டு அடுக்கு. உள்ளே மெத்தை போன்ற குட்டை முடி. வெளியே நீண்டு நிமிர்ந்து நிற்கும் முடி. கழுத்தைச் சுற்றிப் பிடரி போல இன்னும் அடர்த்தி. அந்த முடியை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பிடி உடம்பு. ஜெர்மனியில் இதை ஸ்பிட்ஸ் குடும்பத்தின் கடைக்குட்டி என்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஓநாய் ஸ்பிட்ஸ். அரை மீட்டர் உயரம் நிற்கும். கடைக்குட்டி அதில் பாதிகூட இல்லை.

இந்தக் குள்ள உருவத்தின் ரகசியத்தை விஞ்ஞானிகள் இப்போது கண்டுபிடித்து வருகிறார்கள். உடம்பை வளரச் செய்யும் ஒரு மரபணுவில் உள்ள சிறு மாறுதல், நாயைக் குள்ளமாக்குகிறது. அந்த மாறுதல் மனிதன் உண்டாக்கியது அல்ல. 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயின் எலும்பிலேயே அது இருப்பது 2022-ல் தெரியவந்தது. ஓநாயின் உடம்பில் ஒளிந்து கிடந்ததை, நாய் வளர்த்தவர்கள் பொறுக்கிப் பொறுக்கி வெளியே கொண்டுவந்தார்கள். விண்ட்சர் அரண்மனையிலும் நடந்தது அதுதான்.

சுருங்கியதற்கு நாய் ஒரு விலை கொடுத்தது. சிறிய தாடையில் பற்கள் நெருக்கி வளர்ந்து சீக்கிரம் கெடும். பின்னங்கால் முழங்கால் சில்லு நழுவும். மூச்சுக்குழாய் மென்மை. அதனால் கழுத்துப் பட்டையில் சங்கிலி போட்டு இழுத்தால் இருமும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் அதற்கு நல்லது. பனி நாட்டுக்கு ஏற்ற முடியோடு நம் சித்திரை வெயிலில் அது படும் பாடு கொஞ்சம் அல்ல. வெயிலுக்குச் சுகம் என்று எண்ணி முடியை ஒட்ட மழித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. மழித்த முடி சில நாய்களுக்குப் பழையபடி வளராமலே போய்விடும். நிழலும் தண்ணீரும் கொடுப்பதே நல்லது.

நம் வீட்டு ஜிம்மி யார்?

திருவிடந்தைச் சாலையில் குரைக்கும் ஜிம்மி, மார்க்கோவின் பேரனா?

பெரும்பாலும் இல்லை. ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்களோடு ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகை நாய்கள் இந்தியாவுக்கு வந்தன. இங்கே பல தலைமுறை பெருகி, நம் சூட்டுக்கும் நம் வீட்டுச் சோற்றுக்கும் பழகி, தனி ஜாதியாகவே ஆகிவிட்டன. அதற்கு இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பெயர். பேச்சு வழக்கில் மட்டும் அது பொமரேனியன்.

இரண்டையும் பிரித்து அறிவது சுலபம். இந்தியன் ஸ்பிட்ஸ் உருவத்தில் பெரியது. சிறிய வகையே 5 முதல் 7 கிலோ இருக்கும். பெரிய வகை 12 கிலோவையும் தாண்டும். மூக்கு நீளம். காது பெரிது. நிறம் பெரும்பாலும் வெள்ளை. ஒரு வகையில் பார்த்தால், ராணி கை வைப்பதற்கு முன் இருந்த பழைய நாயின் சாயல் அசலைவிட இதனிடம்தான் அதிகம்.

1980, 90-களில் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கஷ்டமாக இருந்தது. அப்போது இந்த நாய்க்கு நாடெங்கும் கிராக்கி. 1994-ல் வந்த ஹம் ஆப்கே ஹைன் கோன் என்ற இந்திப் படத்தில் டபி என்ற வெள்ளை நாய் கதாநாயகனுக்குச் சமமாக நடித்ததே, அதுவும் இந்த ஜாதிதான். கிராக்கி இப்போது சற்றுக் குறைந்துவிட்டது.

கடைசி மாலை

1900-ம் ஆண்டு ராணிக்குத் துயரமான ஆண்டு. மகன் ஒருவர் இறந்தார். மூத்த மகள் நோயில் விழுந்தார். ராணியின் கண் பார்வை மங்கிவிட்டது. நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார்கள். நாய்கள் உலாவப் போகும்போது சிறு வண்டியில் ராணியும் கூடவே போவார். மார்க்கோவின் கூட்டத்தில் இப்போது டூரி என்ற பொமரேனியன் அவருக்குச் செல்லம்.

கிறிஸ்துமசுக்கு ராணி வைட் தீவில் உள்ள ஆஸ்பார்ன் மாளிகைக்குப் போனார். புது வருடம் பிறந்ததும் படுத்துவிட்டார். பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் வந்து கூடினார்கள். ஜெர்மனியின் சக்கரவர்த்தியாக இருந்த பேரன் வில்லியமும் ஓடிவந்தார்.

1901 ஜனவரி 22-ந் தேதி மாலை ஆறரை மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 81. ஆண்ட காலம் 63 வருடம் 7 மாதம்.

படுக்கையில் கிடந்த அந்தக் கடைசி வேளையில் ராணி டூரியைக் கேட்டார். நாயைத் தூக்கி வந்து படுக்கையில் விட்டார்கள். அவருடைய கை அதன் முடியைத் தடவியது. கட்டிலைச் சுற்றி இளவரசர்களும் இளவரசிகளும் நின்றுகொண்டு இருந்தார்கள்.